முள் ஒன்றில் நின்ற நாள்

என் மனைவி வளைகுடா நாடு ஒன்றில் நர்ஸாக இருக்கிறாள். பதினோரு வருஷம் ஆகிறது. தினமும் நம் நேரம் சாயங்காலம் நாலரை மணிக்கு, டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுவாள். சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். ஆச்சு என்பேன். மழை உண்டா என்பாள். உண்டு என்பேன், அல்லது இல்லை என்பேன். பிறகு நான் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பேன். அவள் இருக்கிற ஊரில் மழையைப் பற்றிக் கேட்க ஒன்றும் இல்லையாதலால் என் பங்கு அத்தோடு முடிந்துவிடும். எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிஷம். முதல் இரண்டு வருஷம் நாங்கள் மணிக்கணக்கில் பேசியவர்கள் என்றால் இப்போது எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

எங்களுக்குள் ஏதோ மனக்கசப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. பேச்சு தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான். அவளுடைய நாளில் எனக்குத் தெரிந்த மனிதர்கள் யாரும் கிடையாது. என்னுடைய நாளில் சொல்வதற்கு எதுவும் நடப்பதில்லை.

கீரிப்பாறைக்குப் போகிற சாலையில், தடிக்காரன்கோணம் தாண்டி மேட்டின் மேல் எங்கள் வீடு. பின்னால் அரை ஏக்கர் ரப்பர். நான் ஏசி மெக்கானிக். நானும் ஒரு காலத்தில் வளைகுடாவில் இருந்தவன்தான். மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது, யாராவது ஒருவர் ஊரில் இருந்தே ஆகவேண்டும் என்று ஆயிற்று. மனைவிக்கு என்னைவிடச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கிற மாதிரி ஒரு வேலை வந்தது. நான் திரும்பி வந்தேன், அவள் போனாள். மகள் வளர்ந்து, படித்து, இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். யாருக்காக ஒருவர் ஊரில் இருக்க வேண்டியிருந்ததோ அவளே ஊரில் இல்லை. நான் மட்டும் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத வாட்ச்மேன் போல இங்கே இருக்கிறேன். நாலு அறையில் மூன்றைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற ஆளிடம் “வா” என்று சொல்லக் கூடாது. யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டிப் போன ஊர்களில் எல்லோருக்கும் இது தெரியும். மனைவியை ஏற்றிவிட திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போன அன்று அவளுடைய அக்கா என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். “அவகிட்ட வா வான்னு ஒருநாளும் சொல்லிராதீங்க. கேட்டா, சுகம்னு சொல்லுங்க. தனியா நிக்கப்பட்ட எடத்துல மனசு ஒடஞ்சா அவ என்ன செய்வா?” நியாயமாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து நான் சுகம். மழையில் சமையலறைக் கூரை இறங்கியபோதும் சுகம். டெங்கு வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சுகமாகவே இருந்தேன். அது அவளுக்கு ஆறு மாதம் கழித்து மகள் சொல்லித்தான் தெரியும். அவளும் அப்படித்தான். அவளுக்கு வந்த கஷ்டங்களில் எத்தனை எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நாலு பேராவது அவள் எப்போது வருவாள் என்று கேட்பார்கள். அதற்காகவே கடைசிப் பாட்டு முடிவதற்கு முன்னால் எழுந்துவிடுவேன்.

போன லீவு முடிந்து திரும்பும்போது, பெட்டியைப் பூட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “இந்த எக்ரிமென்ட் வாற டிசம்பரோட முடியுது. பின்ன பாக்கலாம்.” என்ன பார்க்கலாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வா என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே. வந்துவிடுகிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த வருஷம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நான் நாளை ஓட்டினேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். மகளோடு வேலை பார்க்கும் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய டர்போ பெட்ரோல் கார். நாற்பத்தொன்பது வயதில், முதுகுக்கு பெல்ட் போடுகிறவனுக்கு எதற்கு டர்போ என்று மனைவி கேட்டாள். ஆசை, அவ்வளவுதான். போன லீவுக்கு அவளை அதில்தான் விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தேன். நாலு பெட்டி, ஏசி வேறு. தடிக்காரன்கோணம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் காலை அழுத்தினேன். வண்டி ஒரு இழுப்பு இழுத்தது, உடனே புஸ்ஸென்று ஒரு சத்தம், வேகம் செத்துவிட்டது. “யாரோ பெருமூச்சு விடுத மாரி இருக்கே, நீங்களா?” என்று கேட்டாள். நான் இல்லை, வண்டி என்றேன்.

டர்போ என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு விசிறியைச் சுற்றுகிறது. அதே தண்டில் இருக்கிற இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அந்த அமுக்கத்துக்குப் பெயர்தான் பூஸ்ட். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் வாய் மூடிக்கொள்ளும், அமுக்கி வைத்த காற்றுக்குப் போக இடமிருக்காது. அப்போது திறந்து அதை வந்த வழிக்கே திருப்பி விடுவதற்கு ஒரு வால்வு இருக்கிறது. பைபாஸ் வால்வு. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு தட்டு. காலை அழுத்தியிருக்கும்போது மூடியிருக்க வேண்டும், எடுத்தால் திறக்க வேண்டும். அதற்கு வேறு வேலை கிடையாது.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கோயம்புத்தூரில் ஏதோ கம்ப்யூட்டரை மாட்டி பூஸ்ட்டைக் கூட்டி வைத்திருந்தார். காற்று கூடியது, ஆனால் பழைய வால்வு அதைத் தாங்காமல் காலை அழுத்தியிருக்கும்போதே திறந்துகொண்டது, அதுதான் அந்தப் பெருமூச்சு. டேஷ்போர்டில் பூஸ்ட்டைக் காட்டுகிற ஒரு மீட்டர் வாங்கி ஒட்டிப் பார்த்தேன். முள் சரசரவென்று புள்ளி ஒன்பது வரை ஏறும். அங்கே ஒரு கணம் நின்று, அப்படியே புள்ளி ஆறுக்கு இறங்கிவிடும். ஒன்றில் நிற்க வேண்டிய முள். நாகர்கோவிலில் எனக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப்காரர் அதைப் பார்த்துவிட்டு, “ஓய், கம்பெனிக்காரன் வச்ச ஸ்பிரிங்குக்கு மேல ஊதினா தொறக்கத்தான் செய்யும். மண்டைய வைஸ்ல வச்சி லேசா நசுக்கும், நிக்கும். கூட நசுக்கினீரு, பின்ன தொறக்காது” என்றார். வால்வின் மண்டையில் இருக்கிற தொப்பி போன்ற உலோக மூடியை வைஸ் என்கிற இடுக்கியில் வைத்து நசுக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விஷயம் அவ்வளவுதான். டிசம்பரில் அவளை ஏற்றிக்கொண்டு வரும்போது வண்டி பெருமூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இது எப்படி அவள் காதுக்குப் போயிற்று என்றால், ஒரு ஆடி மாதச் சாயங்காலம் அவள் வீடியோவில் கூப்பிட்டபோது என் கை முழுவதும் கரி. என்ன செய்கிறீர்கள் என்றாள். வால்வு என்றேன். என்ன வால்வு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, நர்ஸுக்கு எதற்குக் கார் வால்வு. ஆனாலும் போனைத் திருப்பிக் காட்டினேன். ஸ்பிரிங், தட்டு, அமுக்கம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் இடைமறிக்கவில்லை. முடித்ததும், “இது எங்க பீப் வால்வுல்லா” என்றாள்.

அவள் வேலை செய்வது வென்டிலேட்டர் வார்டில். செயற்கை மூச்சு கொடுக்கும்போது மூச்சு வெளியே வரும் குழாயின் முனையில் இதே மாதிரி ஒரு ஸ்பிரிங் வால்வு வைப்பார்களாம். திருக்கினால் ஸ்பிரிங் இறுகும், நெஞ்சில் கொஞ்சம் காற்று மிச்சம் நிற்கும். அதிகமாகத் திருக்கிவிட்டால் நெஞ்சு தாங்காது. “ஒரேயடியா இறுக்கப்பிடாது. கொஞ்சம் கூட்டணும், நிக்கணும், பாக்கணும். பின்னயும் கொஞ்சம். இதுக்கும் அப்பிடியே செய்யுங்க” என்றாள். பேசி முடித்தபோது போனில் நாற்பது நிமிஷம் காட்டியது. அவளுக்கு பஸ் தவறிப்போயிருந்தது.

அப்படித்தான் தொடங்கியது. காலையில் வால்வைக் கழற்றி வைஸில் வைத்து அரைச் சுற்று இறுக்குவேன். மாட்டிக்கொண்டு பூதப்பாண்டி வழியாக ஆரல்வாய்மொழிக்குப் போய், மின்சாரம் எடுக்கிற காற்றாடிகளுக்கு நடுவில் போகிற நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்ப்பேன். ஆடிக் காற்று கணவாய் வழியாகக் கிழக்கே அடித்துக்கொண்டு போகும். திருநெல்வேலிப் பக்கமாகப் போகும்போது வண்டி பறந்தது. அதை அப்படியே அவளிடம் சொன்னேன். “பறந்ததெல்லாம் சொல்லாண்டாம். காத்து தள்ளுனதா, வண்டி ஓடுனதா? முள்ளு எங்க நின்னுது? திரும்பி வரும்போ எங்க நின்னுது?” என்று கேட்டாள். நான் திரும்பி வரும்போது முள்ளையே பார்க்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

இரண்டு மாதம் தினமும் பேசினோம். வார்டில் அவள் தலைமை நர்ஸ் என்பதும், புதிதாக வருகிற பிள்ளைகள் அவளைக் கண்டு பயப்படுவார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். ஏன் பயப்படுகிறார்கள் என்பதும் தெரிந்தது. அரைச் சுற்று என்று அவள் சொன்னதற்கு நான் முக்கால் சுற்றுத் திருக்கிவிட்டால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். நான் நாலு மணிக்கே குளித்து, சட்டை மாற்றி, போன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டேன். அந்த நாட்களில் பூட்டியிருந்த அறைகளில் ஒன்றைத் திறந்து கூட்டினேன். மெத்தையை வெயிலில் போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. வால்வைப் பற்றித்தான் சொன்னேன்.

புள்ளி எட்டில் வந்து முள் நின்றது. அதற்கு மேல் நசுக்கப் பயம். உள்ளே விரல்விட்டுத் தடவிப் பார்த்தால், தட்டின் விளிம்பில் இருந்த பழைய ரப்பர் தேய்ந்து கீறல் விட்டிருந்தது. அங்கேதான் காற்று கசிகிறது. புதிய வால்வு வாங்குவதுதான் புத்தியுள்ளவன் செய்கிற காரியம். ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு ரப்பர் வேண்டுமென்றால் கடையைத் தேடத் தோன்றாது. வாளியில் ஓட்டையா, கதவு ஆடுகிறதா, மேஜைக் கால் கட்டையா, மரத்துப் பாலை உறைய வைத்துப் புகை போட்ட ஷீட்டில் ஒரு துண்டு வெட்டினால் போதும். எங்கள் கிணற்று மோட்டாருக்கு வாஷர் சொந்த ஷீட்டில் வெட்டியதுதான், ஏழு வருஷமாகச் சொட்டுத் தண்ணீர் கசிந்ததில்லை. நான் வாயைத் திறக்கும் முன்னால் அவளே சொன்னாள்: “நம்ம ஷீட்டு இருக்குல்லா.”

நன்றாகப் புகையில் காய்ந்த ஷீட்டாகப் பார்த்து எடுத்தேன். மோதிரம் போல வட்டமாக வெட்ட அவள் வீடியோவில் பார்த்துக்கொண்டே வழி சொன்னாள். அவள் மெல்லிய பிளேடு போடச் சொன்னாள், நான் ரப்பர் வெட்டுகிற கத்தியில்தான் வெட்டுவேன் என்றேன், அதற்கு ஒரு சின்னச் சண்டை. பதினோரு வருஷத்தில் போட்ட முதல் சண்டை. அவள் சொன்னதுதான் நடந்தது. பஞ்சர் கடையில் வாங்கிய சொல்யூஷன் தடவி, தட்டில் ஒட்டி, ஒரு இரவு காயவிட்டேன். எங்கள் மரத்துப் பால், எங்கள் காருக்குள். இரண்டு பேருக்குமே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மதியம் தாண்டி ஆரல்வாய்மொழிக்குப் போனேன். போகும்போது முள் ஒன்றில் ஏறி நின்றது. காலை எடுக்கிறவரை நின்றது. திரும்பி, எதிர்க்காற்றில் வந்தேன். அப்போதும் நின்றது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு நானே கூப்பிட்டேன். காற்று கார் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது, நான் கத்திப் பேச வேண்டியிருந்தது. “ஏட்டி, நின்னுட்டு! ரெண்டு பக்கமும் ஒண்ணுல நின்னுட்டு. இனி இங்க ஒரு கொறையும் இல்ல, எல்லாம் சரியாயிட்டு” என்றேன். காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை கத்தினேன். “கேட்டுது. அப்ப செரி” என்றாள்.

அதற்குப் பிறகு என்ன பேச? அடுத்த நாள் நாலரைக்கு சாப்பிட்டாச்சா என்றாள். ஆச்சு என்றேன். மழை உண்டா என்றாள். வண்டி எப்படி என்று கேட்டாள். நன்றாக ஓடுகிறது என்றேன். நன்றாக ஓடுகிற வண்டியைப் பற்றி அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? நாலாவது நாள் அவள் வண்டியைக் கேட்கவில்லை. மறுபடி ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. ஏற்றத்தில் வண்டி என்னைச் சீட்டோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும், பக்கத்துச் சீட்டில் டிபன் பாக்ஸ் இருக்கும். எஸ்டேட் பஸ்ஸை முந்திக்கொண்டு போய், வெறும் வீட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகச் சேர்ந்தேன். வால்வைச் சரிசெய்யாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்க ஆரம்பித்தேன். ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டால் என்ன என்றுகூட ஒரு நாள் பானட்டைத் திறந்து நின்றேன். அப்புறம் மூடிவிட்டேன்.

பதினைந்து நாள் போயிருக்கும். தடிக்காரன்கோணம் வளைவில் காலை எடுத்தபோது முன்னாலிருந்து சடசடவென்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தி எடுத்தேன். மறுபடி சடசட. எஞ்சினுக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியும், டர்போவின் தண்டு போய்விடும். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது பயம் இல்லை. நாலரை எப்போது ஆகும் என்றுதான் இருந்தது.

அவள் கூப்பிட்டதும் போனைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, வீட்டுக்கு முன்னால் இருக்கிற ஏற்றத்தில் ஓட்டினேன். “கோழி செட்டையடிக்க மாரி இருக்கு” என்றாள். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள். காலை மெதுவாக எடுக்கச் சொன்னாள். அவள் குரல் மாறியிருந்தது, இது வார்டில் பேசுகிற குரலாக இருக்கும். “காத்து உள்ள போவுது, வெளிய வரல்ல. வால்வு ஒட்டிட்டு. இனி ஓட்டாதீங்க, நிறுத்துங்க” என்றாள். நிறுத்தினேன்.

சூடு ஆறும்வரை போனை வைக்கவில்லை. அவளுக்கு அன்று லீவு. வால்வைக் கழற்றி வாயைப் பார்த்தால், எங்கள் ரப்பர் மோதிரம் இரண்டு மடங்கு வீங்கி, பிசுபிசுவென்று அல்வா மாதிரி தட்டையும் வாயையும் சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூட்ரைவரில் இழுத்தால் நூல் நூலாக வந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஏழு வருஷம் நின்ற ரப்பர், சூட்டிலும் எண்ணெய்ப் பசையிலும் பதினைந்து நாள் நிற்கவில்லை. போனில் காட்டினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். “நாம ரெண்டு பேரும் ரப்பர் மரத்து மூட்டுல பொறந்து வளந்தவங்க. எண்ண பட்டா பொங்கும்னு தெரியாண்டாமா?” என்றாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் தைரியத்தில்தான் சொன்னேன், டிசம்பருக்குள் நல்ல வால்வாக ஒன்று வாங்கிப் போட்டுவிடுவேன், விமான நிலையத்துக்கு இந்த வண்டியில்தான் வருவேன் என்று.

அவள் சிரிப்பு நின்றது.

“டிசம்பர்ல வரல்ல” என்றாள். “புது எக்ரிமென்ட்ல ஒப்பு போட்டாச்சு. இன்னும் ரெண்டு வருசம்.”

எப்போது கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். கையில் ஸ்க்ரூட்ரைவர் இருந்தது, அதன் நுனியில் அந்தப் பிசின்.

“நீங்க ஆரல்வாய்மொழியிலேருந்து கூப்பிட்டு, இங்க ஒரு கொறையும் இல்ல, எல்லாம் சரியாயிட்டுன்னு சொன்னியளே. அதுக்கு மறுநாளு.”

எனக்குக் கோபம் வந்தது. நீ வந்துவிடுவாய் என்றுதானே நான் இவ்வளவு நாளும் இருந்தேன் என்றேன். வருகிறேன் என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்டாள். அது சரிதான். பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

“நீங்க வான்னு ஒரு வார்த்த சொல்லுவியன்னு பாத்தேன்” என்றாள். “ரெண்டு மாசம் தெனமும் பேசுனோம். ஸ்பிரிங்கு சொன்னிய, முள்ளு சொன்னிய, காத்து சொன்னிய. எக்ரிமென்ட் தாளு மேசையில கெடந்துது. ஒருநாளு சொல்லுவிய, ஒருநாளு சொல்லுவியன்னு அத ஒப்பு போடாம வச்சிருந்தேன்.”

சொல்லக் கூடாது அல்லவா என்றேன். என் வாயில் வந்தது அதுதான். யார் சொன்னது என்று கேட்டாள். உன் அக்கா என்றேன்.

“அது பதினோரு வருசத்துக்கு முந்தி” என்றாள்.

துணி மடிக்க வேண்டும் என்று சொல்லி அவள்தான் போனை வைத்தாள்.

அந்த வாரம் முழுவதும் நான் வண்டியை எடுக்கவில்லை. ஏசி வேலைக்குப் பஸ்ஸில் போனேன். அவளுடைய அக்கா மேல் கோபம், ஊர் மேல் கோபம், அந்த மரங்கள் மேலும் கோபம். யோசித்துப் பார்த்தால் யாரும் என் வாயைப் பொத்திப் பிடித்திருக்கவில்லை. வழக்கம் என்று நான் சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை. வா என்று சொல்லி, அவள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான் மீதி. ஒரு வால்வில் எத்தனை சுற்று இறுக்கலாம் என்று அவளிடம் நாற்பது தடவை கேட்ட நான், எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை என்பதை ஒரு தடவை சொல்லவில்லை. வெயிலில் போட்ட மெத்தையை அந்த அறையிலேயே வைத்துக் கதவைச் சாத்தினேன். பூட்டவில்லை.

டிசம்பரில் நல்ல உலோக வால்வு ஒன்றை வரவழைத்து மாட்டினேன். கணவாயில் அப்போது காற்றில்லை, காற்றாடிகள் நின்றிருந்தன. முள் ஒன்றில் ஏறி நின்றது. காலை எடுத்தால் ஒழுங்காகத் திறந்தது. ஓரம் கட்டி நிறுத்தி போனை எடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு எனக்கு அப்போது பயமாக இருந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போதும் நாலரை மணிக்குத்தான் பேசுகிறோம். சாப்பாடு, மழை. அதோடு மூன்றாவதாக ஒன்றை நான் சேர்த்திருக்கிறேன். போனை வைக்கும் முன்னால் “வா” என்பேன். முதல் நாள் அதைச் சொல்லும்போது யாரோ வாசலில் வந்தவரைக் கூப்பிட்ட மாதிரிதான் வந்தது. இப்போது பழகிவிட்டது. அவள் அதற்குப் பதில் சொல்வதில்லை. டூட்டிக்கு நேரமாயிற்று என்பாள். ஒப்பந்தம் முடிய இன்னும் இருபது மாதம் இருக்கிறது, அவள் என்ன பதில் சொல்ல முடியும்? சொல்லி அவளைக் கஷ்டப்படுத்துகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதனால் போன வாரம் ஒரு நாள் அதைச் சொல்லாமல் விட்டேன். சாப்பிட்டாயிற்று. மழை இல்லை. அவள் டூட்டிக்கு நேரமாயிற்று என்றாள். சரி என்றேன். ஆனால் அவள் வைக்கவில்லை. பின்னால் ஏதோ பஸ் வந்து நிற்பதும், கதவு திறப்பதும், யாரோ அவளை ஏறச் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டது.

“வேற ஒண்ணும் இல்லியா?” என்றாள்.

“வா” என்றேன்.

அதற்குப் பிறகுதான் போனை வைத்தாள்.